சேற்றில் நிற்பவர்களுக்கு விழாவில் நாற்காலி உண்டா?

நவம்பர் மாதம் புதுச்சேரி நகரத்தில் ஓர் அரங்கில் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் நூற்றாண்டுக் கூட்டம் நடந்தது. முனைவர் பட்ட ஆய்வாளர் என்பதால் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. மேடையில் ஏழு நாற்காலிகள். அதில் ஒன்றில் மட்டும் பெண். பொன்னாடை போர்த்தி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. பின்னால் கட்டியிருந்த பதாகையில் எழுத்தாளரின் படம், அதைச் சுற்றி அவருடைய நாவல்களின் பெயர்கள்.

இடைவேளையில் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தவர் எங்கள் தெருக்காரர். எனக்குச் சின்னம்மா முறை. பாகூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்து, நகரத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பவர். நடவு நேரத்தில் வயலுக்கும் போவார். பதாகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“சேற்றில் மனிதர்கள்னு போட்டிருக்குதே, யாரு பாப்பா அவங்க?”

“நடவு நடுறவங்களப் பத்தின கதை சின்னம்மா.”

“அப்ப நம்மளப் பத்தியா? இந்தம்மா எப்ப நம்மூருக்கு வந்தாங்க?”

அதற்குள் அடுத்த அமர்வுக்கு மணி அடித்துவிட்டார்கள். சின்னம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அமர்வில் ‘விளிம்புநிலை மக்களின் வாழ்வை எழுதிய பேனா’ என்று ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். அவ்வளவு நேரமும் சின்னம்மா வாசல் பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வரிசையில் காலி நாற்காலிகள் இருந்தன. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையை அந்தக் குற்றவுணர்விலிருந்துதான் எழுதுகிறேன். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ராஜம் கிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைய தோழர்களில் பலர் அவருடைய பெயரைப் பாடத்திட்டத்தில் பார்த்ததோடு சரி. 1925இல் முசிறியில் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். கல்லூரிப் பக்கமே போகாதவர். தானே படித்து, தானே எழுதிப் பழகினார். 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதியவர் இல்லை. நீலகிரிப் படகர்களைப் பற்றி எழுத மலையில் இருந்தார். ‘குறிஞ்சித்தேன்’ வந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். ‘கரிப்பு மணிகள்’ வந்தது. மீனவர் வாழ்வுக்கு ‘அலைவாய்க்கரையில்’. தஞ்சைப் பகுதி விவசாயக் கூலிகளுக்குச் ‘சேற்றில் மனிதர்கள்’. விதவைக் கோலத்தை உதறி, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, கூலி உழவர்களைச் செங்கொடியின் கீழ் திரட்டிய மணலூர் மணியம்மாவின் வாழ்க்கையை ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவலாக்கினார். தமிழ்ப் புனைகதையில் சமையலறையும் காதலும் மட்டுமே பெண் எழுத்தாளருக்கு ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், பேருந்து ஏறி ஊர் ஊராகப் போய் உழைப்பவர்களிடம் கேட்டு எழுதியவர்.

கணவர் இறந்த பிறகு கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழித்தார். 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 2014 அக்டோபரில் இறந்தார். இப்போது நூற்றாண்டு. கூட்டங்கள் நடக்கின்றன. நடக்கட்டும், வேண்டும். ஆனால் எப்படி நடக்கின்றன, யாருக்காக நடக்கின்றன என்று கேட்பது சாதி ஒழிப்பு பேசுகிற நம் வேலை.

வாசகர்கள் ஒரு நாவலாசிரியையை எப்படியெல்லாம் கொண்டாடுகிறார்கள் என்று பாருங்கள். 2025 டிசம்பரில் ஜேன் ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டுகள். இங்கிலாந்தின் பாத் நகரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் பெயரில் விழா நடக்கிறது. நூற்றுக்கணக்கான வாசகர்கள் அந்தக் காலத்துக் கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு தெருவில் ஊர்வலம் போகிறார்கள். விருந்து, நடனம், வாசிப்பு. கிண்டல் செய்ய எதுவுமில்லை. ஒரு பெண் எழுதிய புத்தகத்துக்காக ஒரு நகரமே தெருவுக்கு வருவது நல்ல காட்சிதான். ஆனால் அந்த ஊர்வலத்தில் எல்லோரும் சீமாட்டி வேடம் போடுகிறார்கள். அந்தக் கவுன்களைத் துவைத்தவள் வேடத்தை யாரும் விரும்பிப் போடுவதில்லை.

இன்னொரு விழாவை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஈட்டன்வில் என்று ஒரு சிற்றூர். கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ள 1887இல் அமைத்துக்கொண்ட ஊர். நாவலாசிரியை ஸோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்தது அங்கேதான். 1937இல் அவர் எழுதிய நாவல் இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. ஆனால் அவருடைய புத்தகங்கள் வாழும்போதே அச்சில் இல்லாமல் போயின. வீட்டு வேலைக்குப் போக வேண்டி வந்தது. 1960இல் ஏழையாக இறந்தார். மற்றவர்கள் காசு போட்டு அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய், புதர் மண்டிக் கிடந்த இடுகாட்டில் இடத்தைக் கண்டுபிடித்துக் கல் நட்டார்.

கதையின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான். 1980களின் இறுதியில் ஈட்டன்வில் ஊரைப் பிளந்துகொண்டு ஐந்து தடச் சாலை போட மாவட்ட நிர்வாகம் திட்டமிட்டது. ஊர்மக்கள் ஒன்றுகூடினார்கள். ‘இது ஸோராவின் ஊர், இதற்கு வரலாறு இருக்கிறது’ என்றார்கள். 1990இல் அவர் பெயரில் விழா எடுத்தார்கள். சாலைத் திட்டம் நின்றது. விழா ஆண்டுதோறும் தொடர்கிறது. ஊர் எழுத்தாளரைக் கொண்டாடியது, எழுத்தாளர் ஊரைக் காப்பாற்றினார்.

டோனி மாரிசன் வாசகர்கள் வேறொன்று செய்தார்கள். அடிமையாக்கப்பட்டவர்களை நினைத்து உட்காரச் சாலையோரத்தில் ஒரு சிறு பெஞ்சுகூட இல்லையே என்று மாரிசன் 1989இல் வருந்தியிருந்தார். அவர் பெயரிலான சங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. 2008இல், ஆப்பிரிக்கர்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட தெற்குக் கரோலினாத் தீவொன்றில் முதல் பெஞ்சைப் போட்டார்கள். பிறகு பல ஊர்களில் போட்டார்கள். எழுத்தாளருக்குச் சிலை வைக்கவில்லை. அவர் யாரை எழுதினாரோ அவர்களுக்கு உட்கார இடம் செய்தார்கள்.

சுவரோரம் நின்ற சின்னம்மா எனக்கு அங்கேதான் திரும்ப நினைவுக்கு வந்தார்.

எங்கள் பாகூரைப் பற்றி ஒரு செய்தி. வரலாற்று மாணவர்களுக்குப் பாகூர்ச் செப்பேடு தெரிந்திருக்கும். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்களின் வருவாய் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கல்லூரி இருந்தது’ என்று மேடைகளில் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கும் சின்ன வயதில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அது வேதம் படித்த பார்ப்பனர்களுக்கான கல்விக்கூடம் என்று புரிந்தது. அந்த மூன்று ஊர் வருவாயும் நெல்லிலிருந்து வந்தது. நெல் நாற்று நட்டவர்களின் கைகளிலிருந்து வந்தது. நட்டவர்களின் பிள்ளைகள் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். பாகூரை இன்றும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஏரிப் பாசனத்தில் இன்றும் நடுபவர் யார், களத்தில் அளப்பவர் யார் என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

கூட்டம் முடிந்த வாரம் ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலின் சில அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்தேன். நாட்டுடைமை என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் காலனிப் படிப்பகத்தில் சாயங்காலம் வாசிப்பு என்று சொன்னேன். சின்னம்மா, என் அம்மா, ஆயா ஒருவர் என்று ஒன்பது பெண்கள் வந்தார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் நடவுக்கு வருகிற பெண்கள் உண்டு. அம்மாவோடு ஒரே வரிசையில் பல வருடமாக நடுபவர்கள். அவர்களையும் கூப்பிட்டிருந்தேன். யாரும் வரவில்லை.

மறுநாள் அவர்களில் ஒருவர் என்னிடம் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: “காலனியில வந்து உக்காந்தா வூட்ல பேசுவாங்க பாப்பா. நீ நம்ம புள்ளையார் கோயில் மண்டபத்துல வெச்சுக்கயேன், நாங்க எல்லாரும் வரோம்.”

அந்த மண்டபத்தில் என் அம்மா உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சேற்றில் ஒரே வரிசையில் நிற்கிற கால்கள் ஒரே பாயில் உட்கார மறுக்கின்றன. வர்க்க ஒற்றுமை பற்றி ஆயிரம் கட்டுரை படித்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் அதற்கு ஓர் இயலே இருக்கிறது. அந்த இயலை அந்தப் பெண் இரண்டு வரியில் கிழித்துப் போட்டுவிட்டார். சாதி என்பது தொழிலாளர்களைப் பிரித்து வைத்திருக்கிற ஏற்பாடு என்று அம்பேத்கர் சொன்னதை நாமெல்லாம் மேற்கோள் காட்டுகிறோம். அது ஒரு பாயில் எப்படி வேலை செய்கிறது என்று அன்று பார்த்தேன்.

பிறகு அம்மாதான் வழி சொன்னார். “வயலுக்கே வாயேன். சோறு துன்ற நேரத்துல படி.” போனேன். மோட்டார் கொட்டகை ஓரம் நிழல். காலனிப் பெண்கள் ஒரு பக்கம், ஊர்த்தெருப் பெண்கள் கொஞ்சம் தள்ளி வரப்பில். சோறு தின்னும்போதும் அந்த இடைவெளி உண்டு. நான் காலனிப் பக்கம் உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு குரல்: “கேக்கல, சத்தமா படி.” நான் சொன்னேன்: “தொண்ட கட்டிக்கிச்சு அக்கா, கிட்ட வாங்க.” இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். முழுசாக வரவில்லை, பாதி தூரம் வந்து உட்கார்ந்தார்கள். இதை வெற்றி என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் அதே பாதி தூரம்தான். நடவு முடிந்ததும் வாசிப்பும் முடிந்தது. ஆனால் அரங்கத்தில் நான் கேட்காத பல கேள்விகளை அந்தச் சில நாட்களில் கேட்டேன்.

கூலி பற்றி வந்த இடத்தில் எல்லோரும் பேசினார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துப் பேசினார்கள். ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி, நடவு இயந்திரம் வந்த பிறகு எத்தனை நாள் வேலை போனது. சாதி பற்றி வந்த இடத்தில் ஊர்த்தெருப் பக்கம் அமைதியானது. தூக்குச் சட்டியைக் கழுவ எழுந்துவிட்டார்கள். ஒரு நாவலுக்கு இதைவிட நேர்மையான விமர்சனக் கூட்டம் இருக்க முடியாது.

கடைசி நாள் ஆயா சொன்னதைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். “இந்தம்மா நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நம்ம கஷ்டம் தெரிஞ்சிருக்குது. ஆனா நீ படிச்ச வரைக்கும் நாம அழுதுக்கினே இருக்கோம். இன்னாத்துக்கு? நடவுல நாம சிரிக்கிற சிரிப்பு மேட்டுத் தெருவுக்கே கேக்குமே.”

முழு நாவலையும் வைத்து ஆயா தீர்ப்பு சொல்லவில்லை, கேட்ட பகுதியை வைத்துச் சொன்னார். ஆனாலும் வெளியிலிருந்து வந்து பரிவோடு எழுதுகிறவருக்கும் உள்ளிருந்து எழுதுகிறவருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆயா தொட்டுவிட்டார். பரிவு நம் கண்ணீரைப் பார்க்கும். நம் நையாண்டியும் கெட்ட வார்த்தையும் குலவையும் அதன் காதில் சட்டென்று விழாது. அன்று மாலை படிப்பகத்தில் பாமாவின் ‘சங்கதி’யை எடுத்தேன். இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் ஆயா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள்.

இதை வைத்து ராஜம் கிருஷ்ணனை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பனப் பெண் என்பதாலேயே அவர் எழுத்து நமக்கு வேண்டாம் என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் சாதி கொடுத்த வசதியான நாற்காலியை விட்டு எழுந்து உப்பளத்துக்கு நடந்தவர் அவர். அதே நேரத்தில் 1989இல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ வந்துவிட்டது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’, அடுத்து 1994இல் ‘சங்கதி’. அதற்குப் பிறகும் நம்மைப் பற்றி அறிய மற்றவர்கள் எழுதியதை மட்டும் மேடையேற்றுவது சரியா? ‘கருக்கு’ வந்தபோது சொந்த ஊர்க்காரர்களின் கோபத்தையே பாமா சந்திக்க வேண்டியிருந்தது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாசுவேதா தேவியின் கதையையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. செத்த எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்துவது சுலபம். உயிரோடு இருந்து பேசுகிறவரைப் பாடத்திலிருந்து எடுப்பதும் அவர்களுக்குச் சுலபமாகவே இருக்கிறது.

ஆகவே இளைய தோழர்களுக்குச் சில யோசனைகள். விழா எடுக்க நமக்குப் பெரிய அமைப்பு வேண்டாம்.

ஒன்று, அரங்கத்தை விட்டு வெளியே வாருங்கள். நாவல் எந்தத் தொழிலைப் பற்றியதோ, அந்தத் தொழில் நடக்கும் இடத்துக்குப் போங்கள். வில்லியனூர்ப் பக்கம் மாலைநேர வகுப்பு எடுக்கும் என் தோழி ஒருத்தி, தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ‘கரிப்பு மணிகள்’ வாசிக்கிறாள். உப்பளத்து மேஸ்திரியைப் பற்றிப் படித்தால் அவர்கள் தங்கள் சூப்பர்வைசரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்களாம்.

இரண்டு, நேரத்தை அவர்கள் முடிவு செய்யட்டும். கூலியை இழந்து இலக்கியம் கேட்க வா என்று யாரையும் கூப்பிடாதீர்கள்.

மூன்று, பாராட்ட மட்டும் கூப்பிடாதீர்கள். ‘இது தப்பா எழுதியிருக்கு’ என்று சொல்வதற்கும் இடம் கொடுங்கள். ஆயாவின் கேள்வி என் மூன்று ஆண்டு ஆய்வைத் திருத்தியிருக்கிறது. நன்றியுரையில் ஆயா பெயர் வரும்.

நான்கு, எங்கே நடத்துவது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வில்லியனூர்த் தேரை அன்று பிரெஞ்சு ஆளுநர் இழுத்தார், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். பெருமைதான். ஆனால் இந்த நாட்டில் தேர் போகாத தெரு எது என்று கேட்டால் சேரி என்று குழந்தையும் சொல்லும். இலக்கிய விழாவும் இன்னொரு தேராகிவிடக் கூடாது. ‘எல்லோரும் வர வசதியாக’ ஊர் மண்டபத்தில் வைக்கலாம் என்று யார் சொன்னாலும், அந்த ‘எல்லோரும்’ யார் என்று கேளுங்கள். காலனியில் வையுங்கள். வராதவர்கள் வராமல் இருக்கட்டும். அல்லது எல்லோரும் கூலிக்கு நிற்கிற வயலில் வையுங்கள்.

ஐந்து, விழா முடிந்ததும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 2006இல் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு தேர்தலே இல்லை. படிப்பகத்துக்கு ஒரு விளக்கு வேண்டுமென்றால்கூட யார் கதவைத் தட்டுவது என்று தெரியாது. ஈட்டன்வில் மக்கள் தங்கள் எழுத்தாளர் பெயரைச் சொல்லிச் சாலையை நிறுத்தினார்கள். ராஜம் கிருஷ்ணன் பெயரைச் சொல்லி, பாமா பெயரைச் சொல்லி, காலனிப் படிப்பகத்துக்கு ஓர் அலமாரியும் ஒரு விளக்கும் நாம் கேட்கலாமே.

வரும் பட்டத்துக்கு மறுபடி நடவு வரும். மீண்டும் போவேன். இந்த முறை ‘சங்கதி’யோடு தொடங்கலாம் என்று ஆயா சொல்லியிருக்கிறார். அந்தப் பாதி தூரத்தில் உட்கார்ந்த இரண்டு பெண்களும் வருவார்களா, மீதித் தூரத்தைக் கடப்பார்களா என்று தெரியாது. சின்னம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், நேரமாகும். ஆகட்டும். அவர் உட்கார்ந்து வாசிக்க, நாம் கேட்போம்.